எட்டு ஓமா, ரெண்டு ஓமா?

காரின் டிக்கி திறந்து கிடக்கிறது. உள்ளே பிளைவுட் பலகையில் வட்டமாக வெட்டிய ஓட்டைகளில் நான்கு ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். பிலோமினா டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு வயர்களைப் பற்றவைக்கிறார். ஈயம் உருகுகிற வாசனை வருகிறது. துறைமுகப் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் சோல்டரிங் அயர்ன் சீக்கிரம் சூடாறிவிடுகிறது என்று முனகுகிறார்.

நான் முன் ஸீட்டில் ஆம்ப்ளிபயரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

“கேக்குதா?”

“ஓம்.”

“நாலுமா?”

“ஓம், நாலும் கதைக்குது.”

ஸ்பீக்கர் கதைக்கிறது என்று சொல்லுகிற ஒரே ஆள் தூத்துக்குடியில் அவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் ஸ்பீக்கர் பாடும், அலறும், அல்லது ‘அவுட்’ ஆகும்.

இந்தத் தொடரின் ஆரம்ப வாரங்களில் ஒன்றில் கல்யாணக் காரில் ஆம்ப்ளிபயர் எரிந்துபோன கதையை எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்கு இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். ஓம் என்பது ஸ்பீக்கரின் தடையைச் சொல்கிற அளவு. சிலோன் தமிழில் ஓம் என்றால் ஆமாம். சிலோனிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் “எட்டு ஓமா, ரெண்டு ஓமா?” என்று கேட்டேன், அவர் “ஓம்” என்றார், நான் எட்டு என்று நினைத்து இணைப்பைக் கொடுத்தேன், எல்லாம் புகைந்துவிட்டது.

அந்த வாரம் நிறையக் கடிதங்கள் வந்தன. விழுந்து விழுந்து சிரித்தோம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு வாசகி மட்டும் சிரிக்கவில்லை. “அந்த அம்மாவுக்கு அப்புறம் என்ன ஆச்சு?” என்று ஒரு வரி கேட்டிருந்தார்.

பத்து நாளாக அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதுபோல் நடிக்கிறேன். இனி நடிக்க முடியாது. அந்தக் கதை பொய். பல வருஷமாக நானே சொல்லிச் சொல்லி எனக்கே நிஜம்போல ஆகிப்போன பொய்.

பெயர் தெரியாத குரல்

எழுபதுகளின் பிற்பாதி. உடன்குடிக்குத் தெற்கே பனங்காட்டில் பிறந்த நான், மைக்செட் வேலைக்கென்று தூத்துக்குடிக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. சுயம்பு அண்ணாச்சியின் கடை. அவருடைய பழைய காரின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்பு செய்வேன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கட்சிக் கூட்டம், காணாமல்போன பசுமாடு, எதுவானாலும் என் குரல்தான்.

ஊர் முழுக்க என் குரல் தெரியும். என் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பலசரக்குக் கடையில் அரைக்கிலோ அரிசி கேட்டால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். “அட, மைக் அண்ணாச்சியா!” என்பார்கள். அவ்வளவுதான். அரிசியைக் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள்.

பருப்பு மண்டிக்கு மேலே ஒரு அறையில் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஓட்டலில் நான் வாய் திறக்குமுன்பே இரண்டு தோசை வந்துவிடும். சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து படுத்துக்கொள்வேன். சில ஞாயிறுகளில் காலையிலிருந்து இருட்டும்வரை ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். திங்கட்கிழமை காலையில் நான் பேசுகிற முதல் வார்த்தையே மைக்கில்தான் இருக்கும். “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்.”

தனிமை என்றால் என்னவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஊருக்கே கேட்கும்படி ஹலோ சொல்லிவிட்டு, பதில் ஹலோ வராமல் உட்கார்ந்திருப்பது.

பிலோமினா வேலைக்கு வந்த பிறகு பதில் வர ஆரம்பித்தது. கடைக்குள் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பிச் சுருள் சுற்றுகிற இடத்திலிருந்து தலையைத் தூக்காமலே, “கேக்குது, கேக்குது” என்பார்.

கொட்டாஞ்சேனைக்காரர்

பிலோமினாவின் முன்னோர்கள் நம் கடற்கரை ஆட்கள்தான். அப்பா சின்ன வயதிலேயே தோணியேறிக் கொழும்புக்குப் போனவர். பிலோமினா பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். அக்கம்பக்கம் எல்லாம் யாழ்ப்பாணத்துக்காரர்கள் என்பதால் பேச்சும் அந்த மாதிரியே ஆகிவிட்டது. அங்கே ஒரு ரேடியோ கடையில் டிரான்ஸ்பார்மர் சுற்றப் பழகியிருக்கிறார். அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும், சொந்த ஊரில்தான் சாவேன் என்று அவர் பிடிவாதம் பிடிக்க, அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை.

சொந்த ஊர் என்று பெயர்தானே தவிர அவருக்கு இங்கே யாரையும் தெரியாது. மீன்காரியிடம் விலை கேட்டால், “என்ன சொல்லுதா இவ?” என்று மீன்காரி பக்கத்துக் கூடைக்காரியைக் கேட்பாள்.

முதல் நாளே எங்களுக்குள் அந்த வேடிக்கை நடந்துவிட்டது. ஒரு ஸ்பீக்கரைக் கையில் கொடுத்து, “இது நாலு ஓமா, எட்டு ஓமா?” என்று கேட்டேன்.

“ஓம்.”

“எத்தன ஓம்னு கேட்டேன்.”

“ஓம், கேட்டது விளங்குது. பாத்துச் சொல்லுறன்.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர்தான் முதலில் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஊருக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் அது எங்களுக்குள் ஒரு வாடிக்கை ஆகிவிட்டது. டீ வேண்டுமா என்பதற்குக்கூட “எத்தன ஓம் டீ?” என்று கேட்பேன். “எட்டு” என்பார். இதில் மற்றவர்கள் சிரிக்க ஒன்றுமில்லை. எங்களுக்குப் போதுமாக இருந்தது.

அதாவது, ஓம் என்றால் ஆமாம் என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு வாயும் ஒரு இளநீரும்

அந்தக் கல்யாணம் ஒரு நவதானிய வியாபாரியின் வீட்டில். மாப்பிள்ளையின் தாய்மாமன் கப்பலில் வேலை பார்த்தவர். சிங்கப்பூரிலிருந்து காரில் வைக்கிற ஒரு கேஸட் பிளேயரும் நான்கு பெரிய ஸ்பீக்கர்களும் கொண்டுவந்திருந்தார். மறுநாள் முகூர்த்தத்துக்கு நிஜ மேளம் உண்டு. மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும் காருக்குள்ளிருந்து நாதஸ்வரமும் தவிலும் வர வேண்டும் என்பது அவர் ஆசை.

“தவில் அடி நெஞ்சுல வந்து விழணும் பாத்துக்கிடும். சும்மா காதுல கேட்டாப் பத்தாது.”

ஆம்ப்ளிபயர் எங்கள் கடையில் புதிதாக வந்தது. டிரான்சிஸ்டர் போட்டது, கார் பேட்டரியிலேயே ஓடும். அதிலிருந்து சத்தம் வெளியே போகிற வழி ஒன்றுதான். அந்த ஒரு வழியில் நான்கு ஸ்பீக்கர்களையும் கட்ட வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் பேசியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு இளநீரில் நான்கு பேர் தனித்தனியாகப் பப்பாளித் தண்டைப் போட்டு உறிஞ்சினால் எவ்வளவு வேகமாகக் காலியாகும்? எட்டு ஓம் ஸ்பீக்கர் நான்கையும் பக்கம் பக்கமாகக் கட்டினால் அதே கதைதான். மொத்தத் தடை இரண்டு ஓமுக்கு இறங்கிவிடும், சத்தம் தூக்கும், ஆம்ப்ளிபயர் தாங்காது. இரண்டிரண்டாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, அந்த இரண்டு ஜோடியையும் பக்கம் பக்கமாகக் கட்டினால் மறுபடியும் எட்டு ஓமே வரும். சத்தம் மட்டாக இருக்கும். ஆம்ப்ளிபயர் பிழைக்கும்.

பிலோமினா அப்படித்தான் கட்டினார். அதற்கு முன்னால் ஒரு டார்ச் பேட்டரிக் கட்டையை வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தொட்டுப் பார்த்தார். வயரைத் தொட்டதும் காகிதக் கூம்பு வெளியே தள்ளினால் ஒரு புள்ளி வைப்பார், உள்ளே இழுத்தால் வயரை மாற்றிப் பிடிப்பார். ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் தவிலின் கனமான அடி காணாமல் போய்விடும்.

“நாலும் ஒண்டா மூச்சு விட வேணும்” என்றார்.

நான் தொடக்கத்தில் சொன்ன டிக்கி காட்சி இதுதான். அன்று காலை அந்தக் கார் நிழலில் நாங்கள் இரண்டு மணி நேரம் இருந்தோம். என் வாழ்க்கையில் நான் தனியாக இல்லை என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய நேரங்களை எண்ணினால் அதுவும் அதில் வரும்.

சிகரெட் வெள்ளித்தாள்

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளையார் கோயில் முக்கிலிருந்து புறப்பாடு. புது இணைப்பு என்பதால் பிலோமினாவையும் கூட வரச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை பின்ஸீட்டில் மாலையோடு வேர்த்துக்கொண்டிருந்தார். கேஸட்டைப் போட்டேன். சுத்தமான சத்தம். ஆனால் தெருவில் இருநூறு பேர் பேசுகிற பேச்சுக்கு நடுவே அது அடங்கித்தான் கேட்டது.

தாய்மாமன் ஜன்னலில் தலையை விட்டார். “என்னவே இது, கொசு பாடுத மாதிரி இருக்கு! இதுக்கா சிங்கப்பூர்ல இருந்து சுமந்துட்டு வந்தேன்?”

நான் இறங்கி டிக்கியைத் திறந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று பிலோமினாவுக்குத் தெரிந்துவிட்டது.

“வேணாம். நாலையும் ஒண்டாக் குடுத்தா ரெண்டு ஓம்தான் வரும். அது தாங்காது.”

“கொஞ்ச தூரந்தான.”

“வேணாம் எண்டு சொல்லுறன்.”

தாய்மாமன் பக்கத்திலேயே நின்றார். “பொம்பள உத்தரவு குடுத்தாத்தான் கை வைப்பீரோ?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பற்றவைத்த வயர்களை வெட்டிப் பிரித்து நான்கையும் பக்கம் பக்கமாக முறுக்கிவிட்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தச் சத்தம் பிரமாதம். தவில் அடிக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சீர்த்தட்டு தூக்கி வந்த பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். தாய்மாமன் என் முதுகில் தட்டினார். பத்தடி போவதற்குள் ஃப்யூஸ் போயிற்று.

ஃப்யூஸ் போவது என்பது அந்தப் பெட்டி நம்மிடம் கெஞ்சுவது. நான் ஒருவரிடம் சிகரெட் பெட்டி வாங்கி, வெள்ளித்தாளை உரித்துச் சுருட்டி ஃப்யூஸ் இருந்த இடத்தில் செருகினேன். பிலோமினா பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் வீட்டு வாசலில் கார் நின்றது. ஆரத்தித் தட்டு வெளியே வந்தது. அந்த நேரம் பார்த்து தவில் ஒரு உறுமலோடு நின்றது. ஆம்ப்ளிபயரின் மூடி இடுக்கிலிருந்து புகை வந்தது.

மங்கல வாத்தியம் வாசலில் வந்து நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரத்தி ஏந்திய பெண்ணின் கை அப்படியே நின்றது. பெண்ணின் அப்பா முகம் செத்துப்போயிற்று.

நான் சொன்ன வாக்கியம்

விருந்தாளியாக வந்திருந்த சுயம்பு அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “யாருலே கனெக்ஷன் குடுத்தது?”

என் வேலை, கடையில் எனக்கிருந்த மதிப்பு, இரண்டு வருஷம் கஷ்டப்பட்டுப் பிடித்த இடம் எல்லாம் அந்தக் கேள்வியில் தொங்கியது. எனக்கு யோசிக்க நேரமே இல்லை என்று பல வருஷம் என்னையே சமாதானப்படுத்தியிருக்கிறேன். நேரம் இருந்தது. பிலோமினாவின் முகத்தைப் பார்க்கிற அளவுக்கு இருந்தது.

“நாந்தான் குடுத்தேன் மொதலாளி. எட்டு ஓமா, ரெண்டு ஓமான்னு இவங்ககிட்ட கேட்டேன். ஓம்னாங்க. சரி எட்டுதான்னு குடுத்துட்டேன். இப்பத்தான் தெரியுது, சிலோன்ல ஓம்னா ஆமாவாம்.”

எல்லோரும் பிலோமினாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பெண்ணின் அப்பா சிரித்தார். அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரைப் பார்த்து தாய்மாமன், அண்ணாச்சி, கடைசியில் தெருவே சிரித்தது. யாரோ ஒரு அம்மா குலவை போட, மற்றப் பெண்களும் சேர்ந்துகொள்ள, குலவைச் சத்தத்திலேயே மாப்பிள்ளையை உள்ளே அழைத்துப் போனார்கள். அபசகுனம் என்ற பேச்சே எழவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே வேடிக்கையை எடுத்துத் தெருவுக்குக் கொடுத்துவிட்டேன். பிலோமினா சோல்டரிங் அயர்னைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அண்ணாச்சி அவரை நிறுத்திவிட்டார். கோபமாகக்கூட இல்லை. “பேச்சு வெளங்காத ஆள வச்சுக்கிட்டு கரண்டு வேல பாக்க முடியாதும்மா” என்றார். நான் வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் அவர் வேலை தப்பும், சொல்லாவிட்டால் என் வேலை தப்பும். நான் சொல்லவில்லை.

கிடைத்த சிநேகிதர்கள்

இதைவிட வெட்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் கதையால் எனக்கு ஊரில் சிநேகிதர்கள் கிடைத்தார்கள்.

டீக்கடையில் பெஞ்சில் இடம் விட்டு, “ஏலே, அந்த ஓம் கதையச் சொல்லுலே” என்று உட்காரவைத்தார்கள். என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் ஒரு கை மசாலா சேர்த்துச் சொன்னேன். பிலோமினா பேசுவதுபோல் பேசிக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டு விளையாடக் கூப்பிட்டார்கள். விளையாடிவிட்டு அறைக்கு வந்து படுத்தால், முன்பு இருந்ததைவிட அறை காலியாக இருந்தது. நான் ஹலோ சொன்னால் பதில் சொல்கிற ஒரே ஆளை விற்றுத்தான் இந்தச் சிநேகிதத்தை வாங்கினேன் என்று எனக்குத் தெரியுமல்லவா?

கதை என்னைவிட வேகமாக ஊரைச் சுற்றியது. மற்ற ரேடியோ கடைகளில் அவரை வாசலிலேயே, “எத்தன ஓம்?” என்று கேட்டுச் சிரித்து அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். தெருவில் அவர் பின்னால் “ஓம்! ஓம்!” என்று கத்தினார்களாம்.

சங்குக் குடோன் வாசல்

மூன்று நான்கு மாதம் கழிந்திருக்கும். ஜவுளிக்கடை அறிவிப்புக்காகக் காரை எடுத்துக்கொண்டு கடற்கரை ஓரமாகப் போனேன். ஒரு சங்குக் குடோன் வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சங்கு கழுவிக்கொண்டிருந்தார்கள். சதை அழுகுகிற வாடை தெருமுனைவரை அடித்தது. வரிசையின் கடைசியில் பிலோமினா இருந்தார். மயிரிழைக் கம்பியை அறுபடாமல் சுற்றிய விரல்களில் சங்கு கீறின காயங்கள்.

காரை நிறுத்தி இறங்கினேன். அவர் எழுந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி வந்து நின்றார்.

“அப்பா எப்படி இருக்காங்க?”

“இருக்கிறார்.”

“அன்னைக்கு நான் சொன்னது பொய்” என்றேன்.

“தெரியும்தானே. எனக்கு முன்னாலதானே சொன்னீங்கள்.”

“நீங்க ஏன் அப்பவே மறுத்துச் சொல்லல?”

“நான் கதைச்சா ஒருத்தருக்கும் விளங்காது எண்டு நீங்கள்தானே அவையளுக்குச் சொல்லிப்போட்டீங்கள். பிறகு நான் என்னத்தைச் சொல்ல?”

“மன்னிச்சுக்கிடுங்க” என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் கோபப்படவில்லை. காரின் தலையில் கட்டியிருந்த குழாய்களைப் பார்த்தார். “எனக்குச் சொல்லி என்ன? நடந்தது எனக்குத் தெரியும். மற்ற ஆக்களுக்குச் சொல்லுங்கோ. மைக் உங்கட கையிலதானே இருக்கு.”

நான் போய்க் காருக்குள் உட்கார்ந்தேன். சுவிட்சைத் தட்டினேன். குழாய்கள் கீச்சென்றன. சங்கு கழுவுகிற பெண்கள் நிமிர்ந்தார்கள். எதிர்வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். பிலோமினா அதே இடத்தில் நின்றார்.

மைக்கை வாயருகே கொண்டுபோனேன். தூத்துக்குடிப் பெருமக்களே, என்று ஆரம்பித்தேன். பிறகு சேலை ரகங்கள், வேட்டி ரகங்கள், தள்ளுபடி இன்னும் மூன்று நாட்களுக்கு மட்டுமே என்று கடைசிவரை ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லி முடித்தேன்.

பிலோமினா முழுவதையும் கேட்டார். முடிந்ததும் கார் ஜன்னலருகே வந்து, “நல்லா விளங்குது” என்றார். திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அப்பா இறந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார் என்றார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை, நானும் சரியாகத் தேடவில்லை. அவர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற இடத்தில் இருக்கிறாரா என்பதும் தெரியாது. அவர் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. சிரித்த மற்றவர்கள் படிக்க வேண்டும்.

நான் அன்று பிலோமினாவிடம் எட்டு ஓமா, ரெண்டு ஓமா என்று கேட்கவே இல்லை. அவர் ஓம் என்று சொல்லவும் இல்லை. வேணாம் என்றார். சுத்தமான தமிழில், எல்லோருக்கும் புரிகிற மாதிரி, இரண்டு தடவை சொன்னார்.